வராதவர்களிடமிருந்து வந்த காய்ச்சல்

அன்றைக்குக் காலையில் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் அம்மா, சாந்தாமணி அக்கா, தறி மேஸ்திரி ரபீக் அண்ணன், தூக்குப்போசியில் டீ கொண்டுபோயிருந்த நான்.

இல்லாதவர்கள் இன்னும் அதிகம். வாசலோரத் தறிகளை ஓட்டுகிற முருகேசன் இல்லை. அவருக்கு அடுத்தாற்போல் ஓட்டும் செல்வம் இல்லை. இரவு ஷிப்டில் வர வேண்டியவர்களில் மூன்று பேர் வீட்டில் படுத்துக் கிடந்தார்கள். அப்பாவும் இல்லை. அவர் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தார்.

இல்லாதவர்களை இப்படிப் பெயர் சொல்லி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நடந்ததெல்லாம் அவர்களால்தான்.

குமாரபாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு எதிரே, ஒரு சந்து தாண்டினால் அந்தப் பட்டறை. உள்ளே நான்கு செட்டு. ஒரு செட்டு என்றால் ஆறு தறி. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் பார்ப்பார்கள். வாசலோரம் முதல் செட்டு, உள்ளே போகப்போக இரண்டு, மூன்று. கடைசிச் சுவரோரம் இருக்கிற நான்காவது செட்டு என் அம்மா பாப்பாத்தியுடையது.

அன்று முதல் இரண்டு செட்டும் மொத்தமாக நின்றிருந்தன. நான் அவற்றைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஓடாத தறியிலும், நீளவாக்கில் விரித்த பாவு நூல் மெல்ல நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தறிகளின் அதிர்வுதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் நடையை எட்டிப் போட்டேன். யாரோ இப்போதுதான் கையை எடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

உதட்டைப் படிக்கிறவர்கள்

இந்தத் தொடரில் போன வாரம் என் கல்லூரி விடுதியைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே சேர்ந்த புதிதில் அறை நண்பன் கேட்டான்: "ஏண்டா, நீ என்ன என் வாயையே பாக்கற?"

அதுவரை அது எனக்கே தெரியாது. தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காது பாதிதான், மீதி கண். பட்டறைக்குள் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அம்மாவும் சாந்தாமணி அக்காவும் ஒரு நாள் முழுக்க, சத்தமே வராமல், ஊர்க்கதை அத்தனையும் பேசிச் சிரிப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள்.

கொரோனா சமயத்தில் ஊரே ஓய்ந்தது நினைவிருக்கிறது. தறி ஓடாத குமாரபாளையத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காதுக்குள் ஏதோ ஒன்று தானாக ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் காவேரித் தண்ணிச் சத்தம் என்றார். ஆற்றில் அப்போது முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

பிறகு தறி ஓடத் தொடங்கி, எல்லோரும் மாஸ்க் போட்டபோது வேறொன்று நடந்தது. உதடு மறைந்ததும் பட்டறை ஊமையாகிவிட்டது. சத்தம் உண்டு, பேச்சு இல்லை. கண்கள் மட்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அம்மா அதை வெறுத்தாள். "பொணத்தோட வேல செய்யறாட்டம் இருக்குது சாமி" என்றாள்.

நான் சொல்ல வருவது அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்த ஒரு ஐப்பசி. அது கொரோனா இல்லை. மழை பிடித்ததும் வருகிற சளிக் காய்ச்சல். ஃப்ளூ என்று டாக்டர் சொன்னார். நான் அப்போது மருந்தாளுநர் படிப்பு முடித்துப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான்தான். அதனால் வீட்டில் யாருக்காவது தும்மல் வந்தால்கூட என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அக்காவின் ஊசி

அந்த ஐப்பசியில் அக்கா சுதா பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். ஒன்பதாவது மாசம் தொடங்கியிருந்தது. முதல் குழந்தை ஆறாவது மாசத்திலேயே தங்காமல் போய்விட்டதால், இந்தத் தடவை வீட்டில் யாரும் சத்தமாகக்கூடப் பேசுவதில்லை.

பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா என்னை நிற்கவைத்துச் சொன்னார். "இந்தச் சமயத்துல ஃப்ளூ வந்தா லேசுல விடாது தம்பி. நெஞ்சுல எறங்கிரும். அம்மாவுக்கும் ஆபத்து, கொழந்தைக்கும் ஆபத்து. ஊரெல்லாம் ஓடிட்டிருக்குது. இருமறவங்க பக்கத்துல விடாதீங்க. ஊட்டுக்குள்ள காத்து வரட்டும். வெளிய போய்ட்டு வர்றவங்க சோப்பு போட்டுக் கை கழுவாம அவங்களத் தொடக்கூடாது."

தடுப்பூசியும் போட்டார். அது உடம்பில் பிடித்து வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும் என்றார். முன்னமே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த இரண்டு வாரத்தைக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். காய்ச்சல் அப்போது சந்துக்கு எதிர்ப்பக்கம்வரை வந்துவிட்டிருந்தது.

வாசலிலிருந்து நடந்து வந்தது

முதலில் படுத்தவர் முருகேசன். பகல், முதல் செட்டு. பின்னாலேயே, அவர் தறியை இரவில் ஓட்டுகிறவரும் படுத்தார். முருகேசன் வராததால் அவர் தறிகளையும் சேர்த்துப் பார்த்த செல்வம் அடுத்து. அவர் இரண்டாவது செட்டு. பிறகு செல்வத்தின் இரவு ஆள். பிறகு, செல்வத்தின் தறிகளைச் சேர்த்துப் பார்த்த மூன்றாவது செட்டு சாந்தாமணி அக்கா. அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவருடைய தறிகளைத் துணி ரகம் மாற்றுவதற்காக ஓனர் நிறுத்திவைத்திருந்தார். அதனால் அம்மா அவற்றைத் தொட வேண்டிய வேலை வரவில்லை. சாந்தாமணி அக்கா தேறி வந்து தறி மறுபடி ஓடத் தொடங்கும்போது, மூன்றாவது செட்டின் இரவு ஆள் அதற்குள் படுத்துவிட்டிருந்தார். முருகேசனும் செல்வமும் அப்போதும் இருமல் விடாமல் வீட்டில்தான் இருந்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. வாசல் வழியாக உள்ளே வந்து ஒவ்வொரு செட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்று நடந்து வருகிற மாதிரி இருந்தது. மிச்சம் நான்காவது செட்டு. பகலில் அம்மா. இரவில் நாச்சிமுத்து என்று ஒருவர்; மூன்றாவது செட்டின் இரவு வேலையையும் இப்போது அவர்தான் சேர்த்துப் பார்த்தார்.

நாச்சிமுத்து காவேரிக்கு அக்கரையில் பவானியிலிருந்து பாலம் தாண்டிச் சைக்கிளில் வருவார். அம்மா உள்ளே நுழையும்போது அவர் வெளியே போவார். ஒரு தலையாட்டு. ஏழெட்டு வருஷமாக ஒரே தறிகளை மாற்றி மாற்றி ஓட்டியும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பட்டறை வாசலில் யாரோ வேப்பங்கொத்து செருகினார்கள். ஓனர் வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, சாம்பிராணி போட்டார். முதல் செட்டில் முன்னொரு காலத்தில் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சடைத்துச் செத்துப்போன ஆளைப் பற்றிய பேச்சு மறுபடி கிளம்பியது. "அவம் மூச்சு அங்கியே நிக்குதுன்னு எங்க மாமனாரு அப்பவே சொன்னாரு" என்றார் சாந்தாமணி அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் முதல் செட்டைத் தாண்டும்போது அவரும் முந்தானையை வாயில் பொத்திக்கொள்வார்.

எனக்கு விளங்காதது வேறொன்று. இரவு ஆட்களும் பகல் ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பதில்லை. பேசிக்கொள்வதில்லை. வாசலில் ஒரு நொடி எதிர்ப்படுவதோடு சரி. என் பேச்சைக் கேட்டு, காய்ச்சல் கண்டவர்கள் அடுத்த நாளே வீட்டில் தங்கிவிட்டார்கள். இருமுகிற ஆள் ஒருவர்கூடப் பட்டறைக்குள் இல்லை. மாஸ்க்கும் எல்லோர் முகத்திலும் இருந்தது. அப்படியும் அது நின்ற இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

டீ கிளாஸாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். டீக்கடையில் சண்டை போட்டு, கிளாஸ்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட வைத்தேன். பிறகு வீட்டிலிருந்தே தூக்குப்போசியில் டீ கொண்டுபோனேன், ஆளுக்கொரு டம்ளரோடு.

"மருந்துக்கடை மாப்ள வந்தாச்சு, எல்லாரும் மொகத்த மூடுங்கோவ்!" என்று சாந்தாமணி அக்கா கையாலேயே கிண்டல் செய்வார். மாஸ்க்கை மூக்கு வரைக்கும் ஏற்றி, கும்பிடு போடுவார்.

கிளாஸ் மாறியது. காய்ச்சல் நிற்கவில்லை.

சுக்குக் காரம்

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அம்மா டீயை வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். எதையோ கேட்டாள். சத்தத்தில் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தேன்.

"சுக்குப் போட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நாடாவுல இருந்த காரம்தான். வாய விட்டுப் போவே மாட்டீங்குது."

தறிக்குள் இங்குமங்கும் ஓடுகிற கட்டைக்குப் பெயர் நாடா. அதன் வயிற்றில் தார் என்கிற, நூல் சுற்றிய சின்னக் குழல் இருக்கும். நாடாவின் ஓரத்தில் ஒரு சின்னக் கண். தாரிலிருக்கிற நூல் அந்தக் கண் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தார் தீரத் தீர, புதுத் தார் போட்டு, நூலைக் கண்ணுக்குள் இழுக்க வேண்டும். அதை எப்படி இழுப்பார்கள் என்பதை நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போயிருக்கிறேன்.

கண்ணில் வாயை வைத்து ஓர் உறிஞ்சு. நூல் வந்துவிடும். ஒரு நொடி வேலை.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். தார் தீர்ந்த ஒரு தறியை நிறுத்தினாள். நாடாவை மாற்றினாள். வெளியே எடுத்த நாடாவில் புதுத் தாரைச் செருகினாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். கண்ணில் வாயை வைத்து உறிஞ்சினாள். மாஸ்க்கை ஒழுங்காக மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே மூக்குப் பக்கத்துக் கம்பியை அழுத்தி விட்டாள்.

பட்டறை முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ண முடியாது.

அம்மாவின் தோளைத் தொட்டேன். என் மாஸ்க்கை இறக்கினால்தான் அவளுக்கு நான் பேசுவது தெரியும். எட்டி நின்றுகொண்டு இறக்கினேன்.

"நாடாவுல எப்பிடிம்மா காரம்?"

"ராத்திரி வர்ற அண்ணன் சுக்கு மெல்லறாராட்டம் இருக்குது. எப்பவும் வெத்தலபாக்கு வாசம்தான் இருக்கும். நேத்திருந்து வெத்தலையக் காணோம். ஒரே சுக்கு."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எதிர்வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வதுபோல. எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. பேசாத ஒரு மனிதரின் வாயை என் அம்மாவின் வாய்க்குத் தெரியும். ஏழெட்டு வருஷமாகத் தெரியும். இந்தப் பட்டறையில் ஒவ்வொருவருக்கும், தனக்குமுன் அந்த இடத்தில் நின்று போனவருடைய வாய் தெரியும்.

காய்ச்சலோடு வீட்டுக்குப் போனவர் தறியை விட்டுவிட்டுத்தான் போகிறார். அவர் இடத்துக்கு வருகிறவர் அவருடைய நாடாவை எடுக்கிறார், எச்சில் காய்வதற்குள். வந்தவர்களிடமிருந்து ஒட்டவில்லை. வராதவர்களிடமிருந்து ஒட்டியது. ஆள் போன இடம்தான் அடுத்த ஆளைப் படுக்கவைத்தது.

இருமலிலும் காற்றிலும் அது பரவும்தான். பின்னால் டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவரும் முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு, "என்னது, வாயிலயா?" என்று கேட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

நான் கை ஆட்டியதைப் பார்த்து ரபீக் அண்ணன் மெயினை இறக்கினார். பட்டறை ஒவ்வொரு தறியாக அடங்கி, கடைசியில் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"யாரும் நாடாவுல வாய வெக்காதீங்க."

சாந்தாமணி அக்கா சிரித்தார். "நாடாவுல வெக்காம? புருசன் வாயிலயா வெக்கறது? அந்த ஆளு பீடி நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

ரபீக் அண்ணன் சிரிக்கவில்லை. அம்மாவின் தறியிலிருந்து ஒரு நாடாவை எடுத்து, கூரைத் தகட்டின் ஓட்டை வழியே இறங்கிய வெயிலில் திருப்பிப் பிடித்தார். நூல் வருகிற அந்தக் கண் ஈரமாக மின்னியது. எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"யா அல்லா" என்றார் மெதுவாக. "இருவத்தஞ்சு வருசமா இதையேதானுங்க பண்றோம்."

அம்மா மட்டும் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நேத்தைக்கிச் சாயங்காலம் சுதாவுக்குத் தலை வாரி உட்டேன் சாமி" என்றாள்.

நூல் ரூம்

அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. பட்டறையை ஒட்டி நூல் மூட்டை அடுக்கும் ஒரு ரூம் உண்டு. சந்துப் பக்கம் அதற்கு ஒரு ஜன்னல். அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். ஓனர் முதலில் தயங்கினார்.

"நூலெல்லாம் கெடக்குதுங்க பாப்பாத்தி, அங்க எப்பிடி..."

"நூலுக்கு நெஞ்சு சளி புடிக்காதுங்க" என்றாள் அம்மா.

அக்காவுக்குப் போன் போட்டு நான்தான் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எனக்கு ஏதாச்சும் ஆனா அம்மாவத் திட்டாத" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு நாங்கள் காத்திருந்தோம். வீட்டு ஜன்னல்கள் திறந்தே இருந்தன. நான் கடையிலிருந்து வந்ததும் குளித்து, துணி மாற்றி, அதற்கப்புறம்தான் அக்கா இருக்கும் ரூம் வாசலுக்கே போவேன். அவளுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்து சாப்பிடுவேன். அவள் தொண்டையைச் செருமினால் என் கை நின்றுவிடும். அவள் தும்மியபோது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். அது மிளகாய் வறுத்த நெடி என்று தெரிய வெகுநேரம் ஆனது.

இரண்டாவது நாள் சாயங்காலம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த நாட்களில் நான் பார்த்த ஒன்று இன்றும் கண்ணில் நிற்கிறது. எதிரே பட்டறை ஓடிக்கொண்டிருக்கும். நூல் ரூம் ஜன்னலில் அம்மா வந்து நிற்பாள். இங்கே அக்கா ஜன்னலில். நடுவில் ஒரு சந்து அகலம். அம்மா மாஸ்க்கை இறக்குவாள். சத்தமே இல்லாமல் உதடு அசையும். சாப்பிட்டியா, புள்ள அசையுதா, கால் வீங்குதா. அக்காவும் அப்படியே பதில் சொல்லுவாள். சந்தில் போகிறவர்களுக்கு இரண்டு ஜன்னலில் இரண்டு பெண்கள், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பது தெரியும். ஒரு கூரியர் பையன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நடுநடுவே அம்மாவுக்கு இருமல் வரும். அதுவும் கேட்காது. உடம்பு குலுங்குவது மட்டும் தெரியும். அக்கா அப்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

வலி வந்தது ஒரு மத்தியானம், சொன்ன தேதிக்கு முன்னாலேயே. ஆட்டோவில் நானும், காய்ச்சல் வந்து தேறியிருந்த சாந்தாமணி அக்காவும் கூட்டிப்போனோம். சந்து முனையில் திரும்பும்போது பின்னால் பார்த்தேன். அம்மா நூல் ரூமை விட்டு வெளியே வந்து, மாஸ்க்கோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையை ஆட்டவில்லை.

"முன்னாடி பாரு தம்பி" என்றார் சாந்தாமணி அக்கா. அவர் வாயில் அன்றைக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி ஒன்றும் இல்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வரவேயில்லை. ஊசி அதற்குள் கொஞ்சம் வேலை செய்ததா, அன்று தலை வாரியபோது அம்மாவின் உடம்பில் அது இன்னும் வேர்விடவில்லையா, எனக்குத் தெரியாது. மருந்து படித்தவன் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றுதான் சொன்னேன்.

தைல வாசம்

நாச்சிமுத்துவுக்குத் தன் உடம்பு தெரிந்திருந்தது. காய்ச்சல் என்று தெரிந்தே வந்திருக்கிறார். மற்ற மூன்று பேரும் படுத்துவிட்டார்கள், தானும் வராவிட்டால் இரவு ஷிப்டே நின்றுவிடும் என்று சுக்கை மென்றுகொண்டு ஓட்டியிருக்கிறார். சர்க்கரை வேறு இருந்தது. நெஞ்சில் சளி இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூச்சு வாங்கியது. அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

அம்மா தேறி, குழந்தையைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, முதலில் போன இடம் அவர் வீடுதான். நானும் கூடப் போனேன். பவானியில் ஒரு ஓட்டு வீடு. சுவரில் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அம்மா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அவர் முகத்தை நேராக அவ்வளவு நேரம் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் மனைவி கேட்டார். "நீங்க யாருங்க?"

"நானுங்க, பகல்ல அதே தறிய ஓட்டறவ."

அந்தப் பெண்மணியின் முகம் கொஞ்சம் மாறியது. "ஓ, நீங்களா. பல்லுவலி இப்பத் தேவலைங்களா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

"ஆடி மாசத்துல உங்களுக்குப் பல்லுவலின்னு சொல்லுவாருங்க. நாடாவுல ஒரே லவங்கத் தைலமா இருக்குது, அந்தப் புள்ளைக்கு வலி நிக்கலையாட்டம் இருக்குதுன்னு. ஒரு நா வந்து, இன்னிக்கித் தைல வாசமே இல்ல, நல்லாயிருச்சாட்டம் இருக்குதுன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு."

அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகைக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது. பாலத்தில் திரும்பி வரும்போது மூன்று தடவை ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, காவேரியில் காறித் துப்பினாள். பிறகு, "பாவம், நல்ல மனுசன்" என்றாள். மறுபடி துப்பினாள்.

மீட்டர் குறையும்

வேலைக்குத் திரும்புகிற அன்று அம்மா பட்டறைக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். ஓனர் வெளியே வந்தார்.

"ஊட்டுல பச்சக் கொழந்த இருக்குதுங்க. அதய நான் தூக்கோணும். இனி நாடாவுல நான் வாய வெக்க மாட்டேன். யாரும் வெச்ச நாடாவையும் தொட மாட்டேன்."

"வாய வெக்காம கையில கோத்தா ஒரு தாருக்கு ரெண்டு நிமிசம் போயிரும். துணி மீட்டர் கொறையுமே பாப்பாத்தி."

"மீட்டர் கொறைஞ்சா என்ற கூலிதானுங்க கொறையுது. உங்குளுக்கு என்ன?"

"எனக்கும் கொறையுமில்ல?"

"அப்ப ஆள் பாத்துக்கங்க."

சாந்தாமணி அக்கா உள்ளேயிருந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். "எனக்கும் ஆள் பாத்துக்கங்க. ரெண்டு ஆளாப் பாருங்க, அப்பத்தான் என்ற செட்ட ஓட்ட முடியும்." முருகேசனும் செல்வமும் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே போகவில்லை. அவர்கள் கண் நான்காவது செட்டுப் பக்கம் இருந்தது. இரவு ஆள் இல்லாமல் அந்தத் தறிகள் நின்றிருந்தன, பாவுகூட நடுங்காமல்.

ஓனர் கெட்ட மனிதர் இல்லை. நாச்சிமுத்து வீட்டுக்கு அவரும் போய் வந்திருந்தார். தலையைச் சொறிந்துகொண்டு ரபீக் அண்ணனைப் பார்த்தார்.

ரபீக் அண்ணன் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வாங்கிவந்தார். நுனியை அராவி, ஊசிபோல இழைத்து, சின்னக் கொக்கியாக வளைத்தார். அதை நாடாவின் கண்ணுக்குள் விட்டு இழுத்தால் நூல் வந்துவிடும். முதலில் கை தடுமாறியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இரண்டு நிமிஷமெல்லாம் ஆகவில்லை. ஷிப்டு மாறும்போது நாடாக்களைச் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து வைப்பதும், கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போவதும் அப்போதிருந்துதான். காய்ச்சல் என்றால் வராதே என்கிற பேச்சோடு, வராதவருக்குப் பாதிக் கூலி என்றும் ஓனரிடம் பேசி முடித்தார் சாந்தாமணி அக்கா.

கொக்கி பகலுக்கு நான்கு, இரவுக்கு நான்கு. ஆளுக்கு ஒன்று, இன்னொருவர் தொடக்கூடாது. கம்பியும் அரமும் சேர்த்து ஆன செலவை ரபீக் அண்ணன் ஓனரிடம் வாங்கிக்கொண்டார்.

மொத்தம் நூற்றுப் பத்து ரூபாய்.